குளிர்ந்து கிடந்த சிலிண்டர்

முதல் வெடி குமுளியிலிருந்து லோயர் கேம்புக்கு இறங்கும்போது கேட்டது. மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும் பெரிய இரும்புக் குழாய்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும் இடம் அது. ஆக்சிலேட்டரை முழுக்க விட்டுவிட்டு, மூன்றாவது கியரில், எஞ்சின் பிடியிலேயே பைக்கை இறக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் 'டப்' என்றது. அடுத்த வளைவில் இன்னும் இரண்டு. கம்பத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு எதிரே வந்த ஜீப், டயர் வெடித்துவிட்டதோ என்று ஓரம் கட்டியது. அவர்களுக்குக் கை காட்டிவிட்டு நானும் நிறுத்தினேன். டயர் நன்றாகத்தான் இருந்தது. இடது பக்கம் எஞ்சினிலிருந்து வந்த அனல் மட்டும் பேண்டைத் தாண்டி உறைத்தது.

அது ஜூலை மாதம், நல்ல மழைக்காலம். கோளாறு இன்னதென்று பிடிபட செப்டம்பர் ஆகிவிட்டது. அந்த இரண்டு மாதத்தில் நான் செய்த தவறுகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை. இரட்டை சிலிண்டர் வண்டியில் டூர் போகிறவர்கள் இந்தப் பக்கம் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. வண்டிப்பெரியாறு பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். அப்பா தோட்டத்து பாக்டரியில் மெஷின் பார்த்தவர். நான் குமுளியில் சின்னதாக ஒரு ஏலக்காய், மிளகுக் கடை வைத்திருக்கிறேன். சீசன் முடிந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். வண்டி 650 சிசி. பக்கம் பக்கமாக இரண்டு சிலிண்டர், காற்றும் ஆயிலும் குளிர்விக்கிற எஞ்சின், ஃபியூல் இன்ஜெக்‌ஷன். இரண்டு சிலிண்டருக்கும் பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர், பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற காயில், பொறி விடுகிற பிளக், புகையில் உள்ள ஆக்சிஜனைப் பார்க்கிற ஓ2 சென்சார், சைலன்சர் எல்லாம் தனித்தனி. இந்த 'தனித்தனி' என்ற விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அங்கே சொன்னது கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இடது சிலிண்டர் அதிகம் சூடாகிறது, இறக்கத்தில் வெடிக்கிறது, அப்படியானால் பெட்ரோல் குறைவாகப் போகிறது, 'லீன்' ஓடுகிறது. பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் சூடாகும், சைலன்சரில் வெடிக்கும் என்பது உண்மைதான். இடது இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார்கள். இரண்டு சைலன்சர் பைப்பையும் கழற்றி, உள்ளே பார்த்து, திரும்ப மாட்டினார்கள். கடைசியாக, பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும் ஒரு சின்னப் பெட்டியைச் சென்சார் வயரில் இணைத்தார்கள். மூவாயிரத்துச் சொச்சம் ஆனது.

இரண்டு நாள் அடங்கியது போல இருந்தது. அப்புறம் வெடி கூடியது. லிட்டருக்கு 26 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 21-க்கு வந்தது. ஏற்றத்தில் இழுவை இல்லை. டீக்கடையில் விசாரித்தால் ஆளாளுக்கு ஒரு காரணம். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் என்றார் ஒருவர். ஏர் பில்டர் என்றார் இன்னொருவர். மலைக் காற்றில் அடர்த்தி கம்மி, அதனால்தான் என்றார் மூன்றாமவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஏர் பில்டர் மாற்றினேன், வேறு பெட்ரோல் பங்க்கில் போட்டேன்.

இப்போது யோசித்தால் அங்கேயே நின்று ஒரு நிமிடம் நிதானித்திருக்க வேண்டும் என்று தெரிகிறது. பெட்ரோல் ஒரே டாங்கிலிருந்து இரண்டு சிலிண்டருக்கும் போகிறது. பம்ப் ஒன்று, ஏர் பில்டர் ஒன்று, பேட்டரி ஒன்று. குமுளிக் காற்றும் இரண்டுக்கும் ஒன்றுதான். எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் கொஞ்சம் லீனாக எரியும், அது சரி. ஆனால் எரிந்தால் இரண்டு பக்கமும் அல்லவா அப்படி எரிய வேண்டும்? இடதுக்கும் வலதுக்கும் பொதுவான எதுவும் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணமாக முடியாது. ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமான பொருளில்தான் கோளாறு இருக்கும். இந்த ஒரு யோசனை வந்திருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

ஆகஸ்டில் அப்படியே ஒரு பயணமும் போனேன், போயிருக்கக் கூடாது. குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாக இறங்கி, புனலூர், தென்மலை, ஆரியங்காவு தாண்டி செங்கோட்டை, அங்கிருந்து குற்றாலம். பின்னால் நண்பர் ஒருவர், இரண்டு பக்கமும் பை. தென்மலை தாண்டி ஏற்றத்தில், மழையும் சேர்ந்துகொண்டபோது, வண்டி ஒற்றை சிலிண்டர் வண்டி போலக் குலுங்கிக்கொண்டு ஏறியது. நம்மூர்ப் பேச்சில் சொன்னால் நல்ல மிஸ்ஸிங். ஆரியங்காவில் நிறுத்தியபோது இடது பைப் சிலிண்டரை விட்டு வெளியே வரும் இடத்தில் நீலம் பாய்ந்திருந்தது. வலது பைப் புதுசு போல வெள்ளையாக மின்னியது. நண்பர் வலது பைப்பைக் காட்டி, "இந்தப் பக்கம் நல்லா இருக்கு பாரு" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

திரும்பி வந்ததும் வண்டியை லயத்து வாசலில் நிறுத்தினேன். அப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார். 2000-க்குப் பிறகு பீருமேடு பக்கம் பல தேயிலைத் தோட்டங்கள் மூடிக் கிடந்தன. அப்பா வேலை பார்த்த பாக்டரியும் ஓடவில்லை, வர வேண்டிய பணம் முழுதாக வரவில்லை, வீட்டையும் விட முடியவில்லை. அது தனிக் கதை. பாக்டரி நின்று இத்தனை வருடம் ஆகியும் ஓடுகிற மெஷின் எதைப் பார்த்தாலும் அவர் கை சும்மா இருக்காது. புறங்கையை முதலில் இடது சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒரு சாண் தூரத்திலேயே நிறுத்திக்கொண்டார். அப்புறம் வலது பக்கம். அங்கே ஏறக்குறைய விரல் அகலம் வரை நெருங்கினார். பேரிங் சூட்டைத் தொடாமல் பார்க்கிற பழக்கம் அது. மெஷினில் கரண்ட் கசிந்திருந்து உள்ளங்கை பட்டுவிட்டால் விரல்கள் தானாக மூடிக்கொள்ளும், கை அங்கேயே மாட்டிக்கொள்ளும். புறங்கை என்றால் விலகி வரும் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"எதுக்குடா வைத்தியம் பாத்த?" என்றார்.

"இடது பக்கம்தாம்ப்பா. ரொம்பச் சூடாகுது."

"சூடா இருக்கிறவன் உழைக்கிறான். ரெண்டு பேர் தூக்குற கொழுந்துச் சாக்குல ஒருத்தன் கைய விட்டுட்டா இன்னொருத்தனுக்குத்தானே மூச்சு வாங்கும்? குளுந்து கிடக்கிறவனப் பாரு."

எனக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இரண்டு மாதமாக நோயில்லாத சிலிண்டருக்கு மருந்து கொடுத்திருக்கிறோமோ என்ற கேள்வி குடைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணி. மூடுபனி, எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருந்தது. கடையில் அலமாரி துடைக்க வைத்திருக்கும் தண்ணீர் ஸ்பிரே பாட்டிலை எடுத்துக்கொண்டேன். வண்டியை மெயின் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, ஸ்டார்ட் செய்து, பதினைந்து நொடி விட்டு, இரண்டு பைப்பிலும் சிலிண்டரை ஒட்டிய இடத்தில் ஒவ்வொரு தடவை அடித்தேன். இடது பக்கம் 'சுர்' என்று ஆவியாகி உடனே காய்ந்தது. வலது பக்கம் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே சொட்டியது. பத்து நொடி கழித்து அடித்தேன், மறுபடியும் சொட்டியது. அரை நிமிடம் தாண்டித்தான் மெல்லிசாக ஆவி வந்தது. காசு செலவில்லாத சோதனை இது. ஆனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் செய்யுங்கள். ஓடி வந்து கொதிக்கிற பைப்பில் தண்ணீர் அடித்தால் ஆவி முகத்தில் அடிக்கும், பைப்புக்கும் நல்லதில்லை.

வெப்பத்தை எண்ணாகவும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. கொரோனா காலத்தில் கடைக்கு வாங்கிய நெற்றி வெப்பமானி கிடந்தது. அது உதவாது, உடம்புச் சூட்டுக்கு மேல் அதற்குக் கணக்குத் தெரியாது. பட்டறைகளில் வைத்திருக்கிற துப்பாக்கி மாதிரியான இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று வாங்கினேன். அதிலும் ஒரு பாடம் கற்றேன். பளபளக்கும் குரோம் பரப்பில் அந்தக் கருவி தப்பாகக் குறைத்துக் காட்டும். தகதகப்பான உலோகம் தன் சொந்த வெப்பக் கதிரைக் குறைவாகத்தான் வெளியே விடும், பக்கத்தில் இருப்பதன் கதிரைப் பிரதிபலிக்கும். கருவி அதை நம்பி ஏமாந்துபோகும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், சிலிண்டர் ஹெட்டில் பைப் சேரும் வாய்க்குப் பக்கத்தில், வெப்பம் தாங்கும் மங்கலான கறுப்புப் பெயிண்டில் ஒரு ரூபாய் நாணய அளவு பொட்டு வைத்தேன். பைப்பில் வைக்காததற்குக் காரணம், சில வண்டிகளில் பைப் இரட்டைச் சுவராக இருக்கும், வெளிச்சுவர் உள்சூட்டைச் சொல்லாது. ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் திருகாமல், விட்டபோது இடது 118 டிகிரி, வலது 71. பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் என்றால் காற்று அடிக்கும் பக்கம், வண்டி சாய்ந்த பக்கம் என்று விட்டுவிடலாம். 47 டிகிரியை அப்படி விட முடியாது.

சரி, வித்தியாசம் இருக்கிறது. இடது அதிகமா, வலது குறைவா? வெப்பமானி அதைச் சொல்லாது. அதற்குத்தான் அடுத்த சோதனை. என்னைக் கேட்டால் மொத்தத்தில் முக்கியமானது இதுதான்.

வண்டிப்பெரியாற்றில் ஜீப் வேலை பார்க்கும் ஒரு சேட்டன் இருக்கிறார். தோட்டத்து ஜீப்புகளோடு முப்பது வருடப் பழக்கம், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு போனேன். எஞ்சினை நிறுத்திவிட்டு வலது இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றச் சொன்னார். ஸ்டார்ட் செய்தோம். சத்தத்தில் சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை, ஆர்பிஎம் முள் கொஞ்சம்கூடச் சரியவில்லை. நிறுத்தி, அதை மாட்டிவிட்டு, இடது கனெக்டரைக் கழற்றினோம். ஸ்டார்ட்டர் சுற்றியது, ஒரு தடவை இருமியது, அவ்வளவுதான்.

"கண்டோ தம்பி, நீ இத்தன நாளும் ஒத்தக் கால்ல ஓடியிருக்க" என்றார்.

இந்தச் சோதனையை, பிளக் தலையில் வயரோடு மாட்டியிருக்கும் பிளக் கேப்பை இழுத்துப் பார்த்துச் செய்கிறவர்கள் உண்டு. ஓடுகிற எஞ்சினில் அப்படிச் செய்யாதீர்கள். ஷாக் அடிக்கும், இறங்க வழியில்லாத மின்சாரம் காயிலையும் எலக்ட்ரானிக்ஸையும் கெடுக்கும். மேலும், எரியாத பெட்ரோல் நேராகச் சைலன்சருக்குள் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிஸ்டை நாசம் செய்யும். இன்ஜெக்டரைக் கழற்றினால் பெட்ரோலே போகாது, எதுவும் கெடாது. மீட்டரில் எஞ்சின் விளக்கு எரியும், பின்னால் அழித்துக்கொள்ளலாம். காற்றுக் குளிர்ப்பு எஞ்சின் என்பதால் நின்ற இடத்தில் நீண்ட நேரம் ஓடவும் விடக் கூடாது.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனையில் இரண்டு பக்கமும் ஒரே அளவு ஆர்பிஎம் சரிந்திருந்தால் கதை வேறு. அப்போது இரண்டு சிலிண்டரும் வேலை செய்கின்றன, சூடான பக்கம்தான் உண்மையான நோயாளி. காற்றை அளந்து உள்ளே விடும் த்ராட்டில் பாடிக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பரில் வெடிப்பு விழுந்து கூடுதல் காற்று புகுந்தால் அப்படி ஆகும். ஐடில் ஏறி இறங்கும், அந்தப் பக்கத்துப் பிளக் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும், இறக்கத்தில் வெடிக்கும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ரப்பரைச் சுற்றித் தண்ணீரைப் புகை போல மெல்ல அடித்தால், வெடிப்பு இருக்கிற இடத்தில் சத்தம் மாறும். சிலர் கார்ப் கிளீனர் அடிப்பார்கள், அது தீப்பிடிக்கும் பொருள், பக்கத்தில் பைப் கொதிக்கிறது. நான் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் டேப்பெட் இடைவெளி குறைந்து இறுகியிருந்தாலும் ஒரு பக்கம் சூடேறும். வால்வு தன் சூட்டை சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது, சரியாக உட்காரவே இடைவெளி இல்லை என்றால் சூடு எங்கே போகும்? டேப்பெட் சத்தமே இல்லை என்று சந்தோஷப்பட வேண்டாம். என் வண்டியில் ரப்பர், டேப்பெட் இரண்டும் சரியாக இருந்தன.

வலது சிலிண்டர் எரியவில்லை என்று தெரிந்துவிட்டது. ஏன் எரியவில்லை? பிளக்கைக் கழற்றினோம். இடது பிளக் முனை பிஸ்கட் நிறம். வலது பிளக் கன்னங்கரேலென்று, தொட்டால் விரலில் ஒட்டும் ஈரக் கரி, பெட்ரோல் வாடை. அதாவது பெட்ரோல் போகிறது, தீ விழவில்லை. லீன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த இடத்தில் சேட்டன் ஒரு கட்டளை போட்டார். எதையும் புதுசு வாங்கக் கூடாது. இடத்தை மாற்ற வேண்டும், ஒரு தடவைக்கு ஒன்று மட்டும். "ஒண்ணு மாத்து, ஓட்டு, எழுது." இரட்டை சிலிண்டரின் பெரிய வசதியே இதுதான். ஒன்றுக்கு ஒன்று அச்சாக இன்னொன்று பக்கத்திலேயே இருக்கிறது, நல்ல பொருள் எது என்று அறிய வெளியே போக வேண்டாம். பிளக்குகளைத் துடைத்து, இடம் மாற்றி மாட்டினோம். கோளாறு வலது பக்கமே நின்றது, ஆக பிளக் இல்லை. அடுத்து பிளக் கேப். என் வண்டியில் அது வயரிலிருந்து திருகிக் கழற்றுகிற வகை. இரண்டையும் கழற்றி மாற்றி மாட்டி ஸ்டார்ட் செய்தோம். தண்ணீர் அடித்தேன். வலது பைப்பில் 'சுர்'. இடது பைப்பில் தண்ணீர் சொட்டியது.

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வலது பைப் சுட்டதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோளாறு கேப்போடு சேர்ந்து இடம் மாறிவிட்டது.

அந்தக் கேப்பை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே, பிளக் தலையைக் கவ்வுகிற சின்ன ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு. உள் சுவரில் தலைமுடி தடிமனில் ஒரு சாம்பல் கோடு, ஸ்பிரிங்கிலிருந்து வளைந்து வளைந்து விளிம்பு வரை. மின்சாரம் பிளக் முனையில் பொறியாக விழாமல், ஈரம் பிடித்த இந்தக் கோடு வழியாக எஞ்சின் உடம்புக்கு ஓடிப்போயிருக்கிறது. மல்டிமீட்டரில் நல்ல கேப் 5 கிலோ ஓம் காட்டியது, இந்த வகைக் கேப்புகளில் பெரும்பாலும் அதுதான் அளவு. கெட்டது முதலில் 12 காட்டி, ஹேர் டிரையரால் சூடுபடுத்தியதும் எகிறி, பிறகு தொடர்பே அறுந்தது. சூடானால் மட்டும் கெடுகிற பொருளைக் குளிரில் அளந்தால் நல்லது என்றே சொல்லும், ஹேர் டிரையரை அதற்காகத்தான் சொல்கிறேன்.

வலது கேப்பில் மட்டும் எப்படித் தண்ணீர்? பிளக் உட்காரும் குழியில் தேங்கும் தண்ணீர் வெளியேற ஹெட்டில் ஒரு சின்னத் துளை உண்டு. வலது துளையைக் கம்பியால் குத்தினேன். தோட்டத்துச் செம்மண் கட்டியாக வந்தது, பின்னால் ஒரு ஸ்பூன் அளவு துருத் தண்ணீர். மழையில் தோட்டப் பாதையில் ஓட்டியதும், பிரஷர் பைப்பில் வண்டி கழுவக் கொடுத்ததும் சேர்ந்து செய்த வேலை. இப்போது வண்டியை நானே குவளையில் ஊற்றிக் கழுவுகிறேன். மழைக்காலத்துக்கு முன்னால் அந்த இரண்டு துளையையும் மெல்லிய கம்பியால் குத்திவிடுகிறேன். கேப் மாட்டும்போது உள் விளிம்பில் மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவுகிறேன்.

வெடி ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என்னை வழி தவற வைத்தது அதுதான். வலது சிலிண்டரில் எரியாத பெட்ரோலும் காற்றும் அப்படியே சைலன்சருக்குப் போகும். அங்கே சூட்டில் சேர்ந்து பற்றிக்கொள்ளும், அதுதான் 'டப்'. அதை மோசமாக்கியது ஓ2 சென்சார். அது பெட்ரோலைப் பார்க்காது, ஆக்சிஜனை மட்டுமே பார்க்கும். எரியாத சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் நிறைய வருவதால் 'லீன்' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் வலது பக்கத்துக்கு இன்னும் பெட்ரோல் கூட்டும். எரியாத பெட்ரோல் இன்னும் கூடும், வெடியும் கூடும். அதோடு நான் வாங்கி மாட்டிய பெட்டியும் தன் பங்குக்கு ஊற்றியது. மைலேஜ் 21-க்குப் போனது இப்படித்தான். இடது பக்கம் சூடானதற்கும் மர்மம் இல்லை. இழுவை குறைந்ததால் நான் ஆக்சிலேட்டரைக் கூடத் திருகினேன், இரண்டு பேரையும் பைகளையும் அது ஒன்றே சுமந்தது.

வெடி எங்கே கேட்கிறது என்பதையும் கவனியுங்கள். சைலன்சரில் வெடித்தால் பெரும்பாலும் எரியாத பெட்ரோல், அல்லது பைப்பில் காற்று புகும் இடம். ஏர் பில்டர் பக்கம் இருமுவது போல வெடித்தால் நிஜமாகவே மிக லீன், அல்லது இன்டேக் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது டைமிங் கோளாறு. ஆக்சிலேட்டரை விட்டதும் லேசாக 'பொட பொட' என்று முணுமுணுப்பது பல வண்டிகளுக்கு இயல்பு, அதற்காகப் பட்டறைக்கு ஓட வேண்டாம்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். புது கேப் இரண்டு வாங்கி மாட்டி, அந்தப் பெட்டியைக் கழற்றி வீசி, குமுளி இறக்கத்தில் ஓட்டினேன். இழுவை திரும்ப வந்துவிட்டது, இரண்டு பக்கமும் சூடு ஒன்றாகிவிட்டது. ஆனால் மூன்றாவது வளைவில் மெதுவாக ஒரு 'டப்'. மனசு உடைந்துவிட்டது. கேப் தப்பான கண்டுபிடிப்போ என்றுகூட நினைத்தேன்.

அது வேறு கோளாறு. வலது பைப் ஹெட்டோடு சேரும் இடத்தில் மெல்லிய கரிக் கோடு படிந்திருந்தது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, அந்த மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவி, தடித்த கையுறை போட்டு ஈரத்துணியால் சைலன்சர் வாயை ஒரு நொடி பாதி அடைத்தேன். மூட்டில் நுரை கிளம்பியது. உள்ளே உள்ள வளையக் காஸ்கெட் ஒரு தடவை நசுங்கினால் மறுபடி சரியாக உட்காராது. ஜூலையில் பைப்பைக் கழற்றி மாட்டியபோது பழைய காஸ்கெட்டையே போட்டிருக்கிறார்கள். ஆக்சிலேட்டரை விடும்போது பைப்புக்குள் அழுத்தம் விட்டுவிட்டுக் குறையும், அந்த இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே இழுபடும், மிச்சம் மீதி பெட்ரோல் பற்றும். புது காஸ்கெட் போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கினேன். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் பைப் கோணலாக உட்கார்ந்து மறுபடி கசியும். அன்றோடு வெடி நின்றது. ஒரு கோளாறைத் தேடும்போது நாமே இன்னொன்றை உண்டாக்கிவிட வாய்ப்பு உண்டு. ஆகவே எதைக் கழற்றினோம், எந்தத் தேதியில் என்று எழுதி வைப்பது சோதனையின் ஒரு பகுதிதான். சேட்டன் சொன்ன 'எழுது' என்பதை நான் கடைசியில்தான் புரிந்துகொண்டேன்.

கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இப்போது ஒரு கணக்கு ஓடுகிறது. மாதத்தில் ஒரு காலை, குளிர்ந்த எஞ்சின், இரண்டு நிமிடம் ஐடில், இடது, வலது. கடைசியாக எழுதியது 109, 105. மைலேஜ் 26.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து லோயர் கேம்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் வரை போய்வந்தேன். இறக்கம் முழுக்க ஒரு சத்தம் இல்லை. வண்டியை நிறுத்தியதும் அவர் இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, புறங்கையை இடது பக்கம் கொண்டுபோனார், அப்புறம் வலது பக்கம். இரண்டு இடத்திலும் கை ஒரே தூரத்தில் நின்றது. ஒன்றும் சொல்லாமல் டீக்கடைப் பக்கம் நடந்தார்.